மாசி அட்டமியில் ஓர் எரிமலை

மனோர் பார்க்
14.09.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நகுலா எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் பிரஷரும் மச்சாளின் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

கையெழுத்தைக் கண்டதும் கிழித்துவிட வேண்டாம். மார்ச் மாதம் என் வீட்டுக்காரருடைய செத்தவீட்டில், மயானத்து மண்டபத்தில் முந்நூறு பேருக்கு முன்னால், "இனி செத்தாலும் உன்னோடை கதைக்கமாட்டன்" என்று முருகன்மேல் சத்தியம் செய்தீர்கள். கதைக்கமாட்டேன் என்றுதான் சத்தியம். வாசிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் அரை மணித்தியாலத்தில் கதை ரொறன்ரோச் சொந்தக்காரர் வரை போய்விடும். பதினேழு வருடமாகத் தபால் கந்தோரில் பிறத்தியாரின் கடிதங்களைத் தரம் பிரித்து அடுக்குகிறேன், எனக்கும் ஒரு முத்திரை ஒட்ட ஆசை.

நான் செய்த குற்றம் என்ன? பெட்டியை எரிக்கும் அறைக்குள் அனுப்பும் பொத்தானை நான் அமத்தினேன். இந்த வெள்ளைக்கார நாட்டில் அதுதான் கொள்ளி. எங்களுக்குப் பிள்ளை இல்லாதபடியால் உங்கள் மகன் தர்சிகன் அமத்தட்டும் என்று நீங்கள் தீர்மானித்திருந்தீர்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் ஞானேஸ்வரனுக்குச் சோறு போட்ட கை என்னுடையது. அதனால் அமத்தினேன். இன்றைக்கும் அமத்துவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வருகிற மாசியில் முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு தனியாகச் சிலி நாட்டுக்குப் போகிறேன். அங்கே வியாரிக்கா என்று ஒரு மலை இருக்கிறது. மேலே பனி, உள்ளே நெருப்பு. இன்னும் புகைகிறது. அதில் ஏறப் போகிறேன்.

வேறு யாரும் சொல்லி உங்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் எழுதினேன். உடம்பைக் கவனியுங்கள்.

உங்கள் தங்கை
நகுலேஸ்வரி

•

முருகன் துணை
கிங்ஸ்பரி
02.10.2024

தங்கச்சி நகுலேஸ்வரிக்கு,

விஜயரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். பிரஷர் உன் கடிதம் வரும்வரைக்கும் நன்றாக இருந்தது.

உனக்கு விசரா? வயது ஐம்பத்தெட்டு. வீட்டுக்காரன் போய் முதல் வருட ஆட்டைத் திவசமும் முடியவில்லை. துக்கம் நடந்த வீட்டுக்காரர் ஒரு வருடத்துக்கு மலை ஏறுவதில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முருகனுடைய மலைக்கே போகக்கூடாது என்கிற நேரத்தில் நீ எரிகிற மலைக்குப் போகிறாயா?

ஞானேஸ்வரனின் சாம்பலைக் கொண்டுபோய் அங்கே போடப் போகிறாய் என்று மச்சாள் சொல்கிறாள். வெள்ளைக்காரர் அப்படிச் செய்வார்களாம். அப்படியென்றால் சொல், ஐயரிடம் ஏதும் வழி கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் ரிக்கெற்றைத் திருப்பிக் கொடு.

இது பதில் இல்லை, எச்சரிக்கை. உன்னோடு எனக்குக் கதை இல்லை. குளிர் தொடங்கிவிட்டது, ஹீற்றரை மிச்சம் பிடிக்காமல் போடு.

இப்படிக்கு
விஜயரத்தினம்

•

மனோர் பார்க்
09.10.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் எச்சரிக்கை கிடைத்தது. சந்தோஷம். ஹீற்றர் போட்டிருக்கிறேன். பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுங்கள்.

இவருடைய சாம்பல் முழுவதும் சவுத்எண்ட் கடலில் கரைத்தாயிற்று. ஒரு சிட்டிகையும் என்னிடம் இல்லை. நான் அவருக்காகப் போகவில்லை அண்ணை. இதை வடிவாக வாசியுங்கள். வேலையிடத்துப் பெட்டைகளும் "அங்கிளின்ரை நினைவாகவா போறியள் ஆன்ரி?" என்று கண் கலங்குகிறார்கள். இல்லை என்றால் முகம் சுருங்குகிறது. ஒரு பெண்பிள்ளை தனக்காக ஒரு இடத்துக்குப் போனால் என்ன குறைந்துவிடும்?

தொண்ணூற்றைந்தில் ஷெல் துரத்தியது, ஒரு பையை முதுகில் கட்டிக்கொண்டு மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்தேன். தொண்ணூற்றெட்டில் நீங்கள் கூப்பிட்டீர்கள், ஏஜென்சிக்காரன் பின்னால் மூன்று நாடு தாண்டி லொறிக்குள் படுத்து வந்தேன். அந்த நன்றி சாகும்வரை இருக்கும். பிறகு இவர் மனோர் பார்க் என்றார், மனோர் பார்க்கில் இருந்தேன். என் ஆயுளில் நான் போன பயணம் எல்லாம் ஒன்றில் யாரோ துரத்தியது, இல்லையென்றால் யாரோ கூப்பிட்டது. ஒருவரும் துரத்தாமல், ஒருவரும் கூப்பிடாமல், என் எண்ணத்துக்கு ஒரு பயணம் போகவேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு இருக்கிற ஒரே சகோதரம் நீங்கள். நீங்கள் என்னோடு கதைக்காமல் இருப்பது எனக்குச் சோறு இறங்காத கவலை. அதற்காகப் போகாமல் இருக்கமாட்டேன்.

மச்சாளுக்கு என் அன்பு.

நகுலா

•

முருகன் துணை
கிங்ஸ்பரி
20.11.2024

தங்கச்சிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். எழுதுவதில்லை என்றுதான் ஆறு கிழமை இருந்தேன். ஒரு காரியத்தால் எழுதவேண்டி வந்தது.

பஞ்சாங்கம் பார்த்தேன். ஞானேஸ்வரன் இறந்தது மாசி அபரபக்க அட்டமி. வருகிற வருடம் அந்தத் திதி பெப்ரவரி 20, வியாழக்கிழமை. நீ மார்ச் 3 என்று இங்கிலீஷ் தேதியைக் கணக்குப் பண்ணிவிட்டு 26ஆம் தேதிக்குத் திரும்பும் ரிக்கெற் எடுத்திருக்கிறாய் என்று தர்சிகன் சொன்னான். திதியை மறந்துவிட்டு பிளேனுக்கு நாள் பார்த்த ஒரே யாழ்ப்பாணத்துப் பொம்பிளை நீயாகத்தான் இருப்பாய்.

கொள்ளி வைத்தவர்தான் திவசம் செய்யவேண்டும். பொத்தானை அமத்தியது நீ. அப்போது உரிமை வேண்டும் என்றாயே, இப்போது கடமையைச் செய். இதற்குப் பதில் சொல் பார்ப்போம்.

விஜயரத்தினம்

•

மனோர் பார்க்
01.12.2024

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் நலமா? எனக்குக் கால் மட்டும் நோ, காரணம் கீழே.

பிழை என்னுடையதுதான். திதியை யோசிக்காமல் விட்டேன். உங்கள் கேள்வியும் நியாயமான கேள்வி. இரண்டு நாள் நித்திரை இல்லாமல் யோசித்தேன். மலை ஏறும் நாள் 20ஆம் தேதி என்றுதான் அங்கே பதிந்திருக்கிறேன். மாற்றமாட்டேன்.

என் பதில் இதுதான். இவர் இருந்த காலம் முழுக்கக் கடமை செய்தேன். டயாலிசிசுக்கு மூன்று வருடம் கிழமைக்கு மூன்று தரம் கூட்டிப்போனது நான்தான், பஞ்சாங்கம் இல்லை. அதற்குப் பிறகும் ஒரு எள்ளுருண்டையில் நான் தோற்றுப்போவேன் என்றால் தோற்கிறேன். திவசத்தைத் தர்சிகன் செய்தால் எனக்கு மறுப்பில்லை. செய்யாவிட்டாலும் இவர் கோபிக்கமாட்டார். அவருக்குப் பசி பொறுக்கும், உங்களுக்குத்தான் பொறுக்காது.

கால்நோவுக்குக் காரணம்: ஹாம்ஸ்ரெட் ஸ்ரேசனில் முந்நூற்று இருபது படி இருக்கிறது. சனி ஞாயிறு பத்துக் கிலோ புழுங்கலரிசியைப் பைக்குள் போட்டு முதுகில் கொழுவிக்கொண்டு ஏறுகிறேன். லிப்ற் வேலை செய்கிறது என்று அங்கே நிற்கிறவர் ஒவ்வொரு கிழமையும் சொல்கிறார். "தெரியும் தம்பி" என்று தமிழில் சொல்லிவிட்டு ஏறுவேன்.

மச்சாளின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசச் சொல்லுங்கள்.

நகுலா

•

கிங்ஸ்பரி
25.01.2025

தங்கச்சிக்கு,

இத்துடன் காலுக்குப் போட இரண்டு சோடி கம்பளி மேசு. மச்சாள் அனுப்பச் சொன்னாள். உள்ளே மெல்லியது, வெளியே தடித்தது என்று போடவேண்டுமாம், கடைக்காரன் சொன்னான். பனிமேல் நடக்கும்போது சப்பாத்தில் மாட்டுகிற இரும்பு முள்ளு கால்சட்டையில் கொழுவி ஆட்கள் விழுவதுண்டாம். காலை அகட்டி வைத்து நடக்கவேண்டும்.

நான் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளாதே.

வி.

•

புக்கோன், சிலி
21.02.2025

அன்புள்ள அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். நீங்கள் இருவரும் சுகமாக இருக்கவேண்டும்.

சந்தியாகோவில் இறங்கி ஊர் ஊராகப் பஸ் பிடித்து இங்கே வந்தேன். எட்டுப் பேர் படுக்கும் அறை. இரண்டு ஒல்லாந்துப் பெட்டைகள் எனக்குக் கீழ்க்கட்டிலைத் தரப் பார்த்தார்கள். மாட்டேன் என்று மேல்கட்டிலில் ஏறினேன். இறங்கத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டேன்.

நேற்று விடிய ஆறு மணிக்கு வான் வண்டியில் ஏற்றிப்போய் அடிவாரத்தில் விட்டார்கள். அந்த ஒல்லாந்துப் பெட்டைகளோடு சேர்த்து எட்டுப் பேர், இரண்டு வழிகாட்டிகள். பெரியவள் பெயர் கமிலா, முப்பது வயது இருக்கும், சிரிக்கமாட்டாள். தலைக்கு ஹெல்மெற், கையில் பனிக்கோடாரி, பைக்குள் நச்சுப்புகைக்கு முகமூடி. முதல் ஒன்றரை மணித்தியாலம் கறுப்புக் கல். இரண்டடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். பிறகு பனி தொடங்கியது. முள்ளு மாட்டினார்கள். காலை அகட்டித்தான் நடந்தேன்.

நான்தான் கடைசி. ஒரு பாறையில் எல்லோரும் இருந்து பாணும் சீசும் தின்று முடித்த பிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன். கமிலா மணிக்கூட்டைப் பார்த்தாள். "சென்யோரா, பதினொரு மணிக்கு அடுத்த அடையாளத்துக்கு வராவிட்டால் மற்றவரோடு இறங்கவேண்டும்" என்றாள். அவளில் பிழை இல்லை. பின்னேரம் பனி இளகினால் கல் உருளும்.

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "பிள்ளை, நீ எனக்கு முன்னாலை நட. நான் உன்ரை காலடியிலை கால் வைச்சு வாறன். நிக்கச் சொல்லாதை. நிண்டால்தான் எனக்கு ஏலாது, நடந்தால் ஏலும்." அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. முன்னால் வந்து நின்று பனியில் சின்னச் சின்னப் படியாக உதைத்துக்கொண்டு போனாள். நான் அவளுடைய குதிக்காலை மட்டும் பார்த்தேன். வலது, இடது, கோடாரி. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க அந்த அடையாளத்தில் நின்றேன். ஒல்லாந்துப் பெட்டைகள் கை தட்டினார்கள். எனக்கு மூச்சு இருந்திருந்தால் நானும் தட்டியிருப்பேன்.

உச்சிக்குப் போகப் பகல் ஒரு மணி ஆகிவிட்டது. வெடித்த சோடாப் போத்தல் மாதிரிப் புகை வருகிறது. கந்தக மணம் தொண்டையைப் பிடித்தது. ஐந்து நிமிடம்தான் நிற்கவிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். உள்ளே கிடங்கின் அடியில் ஒரு சிவப்பு. பெரிதாக ஒன்றும் இல்லை, அடுப்புத் தணல் அளவுதான் தெரிந்தது. ஆனால் அது நிற்கவில்லை அண்ணை, புரண்டுகொண்டே இருந்தது.

ஒரு விஷயத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அந்த ஐந்து நிமிடமும் எனக்கு இவருடைய நினைவு வரவே இல்லை. அட்டமி என்பதும் நினைவில் இல்லை. பசித்தது. சிரிப்பு வந்தது. நான் ஏறிவிட்டேன் என்று வாய்விட்டுக் கத்தினேன். இறங்கும்போது பனியில் ஒரு பிளாஸ்ரிக் தட்டைக் குண்டியில் கட்டிவிட்டு இருத்திச் சறுக்க விடுகிறார்கள். "ஐயோ அம்மா" என்று கத்தியபடி அரை மலை சறுக்கி வந்தேன். கீழே வந்து முகம் கழுவும்போதுதான் இன்றைக்குத் திவசம் என்று நினைவு வந்தது. பயந்துபோனேன். அவரை மறந்து ஒரு நாள் இருந்திருக்கிறேன், அது எனக்கு நல்லாகவும் இருந்திருக்கிறது. அதற்காக வெட்கப்படவேண்டுமா என்று இரவு முழுக்க யோசித்தேன். படமாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மேசுக்கு நன்றி. கால் நனையவே இல்லை.

நகுலா

•

முருகன் துணை
கிங்ஸ்பரி
04.03.2025

தங்கச்சிக்கு,

நீ வந்து சேர்ந்ததாக அறிந்தேன். சுகம்தானே? அங்கிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை, போகட்டும். நீ ஏறின அன்றைக்கு எங்கள் நேரம் பன்னிரண்டு மணிவரைக்கும் மலை முழுக்க முகில், பிறகு விலகிவிட்டது. அதனால் பிரச்சினை இருந்திராது.

திவசம் எங்கள் வீட்டில் நடந்தது. தர்சிகன் செய்தான். கோயில் சபைத் தலைவர் சுப்பிரமணியன் முப்பது பேருக்கு முன்னால், "தங்கச்சியார் எங்கை?" என்று கேட்டுவிட்டார். நான் என்ன சொல்வது? சிலியில் எரிமலை ஏறுகிறாள் என்றா? வாயில் வந்தது கைலாசம். கைலாச யாத்திரை போய்விட்டாள் என்றேன். கைலாசம் என்றால் ஒரு வருடத் தோஷம் கிடையாது என்று ஐயரும் சொல்லிவிட்டார். சனம் கையெடுத்துக் கும்பிட்டது. ஞானேஸ்வரன் கொடுத்துவைத்தவன் என்று பெண்டுகள் அழுதார்கள்.

இப்போது எல்லோரும் உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். 16ஆம் தேதி ஞாயிறு எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சாப்பாடு. நீ வெள்ளைச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வா. அதிகம் பேசவேண்டாம். கேட்டால் ஓம் என்று தலையாட்டு. பனிமலை பனிமலைதானே, படத்தில் யாருக்கு வித்தியாசம் தெரியப் போகிறது?

நீ இதைச் செய்தால் அன்றைக்கே எல்லோருக்கும் முன்னால் நான் உன்னோடு கதைக்கிறேன். சத்தியத்துக்குப் பிராயச்சித்தம் ஐயரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். ஒரு வருடம் போதும் நகுலா. எனக்கும் வயது போகிறது.

அண்ணை

•

மனோர் பார்க்
08.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இரண்டு கால் நகம் கறுத்துப்போயிற்று, மற்றப்படி ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கு முகில் இருந்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் கடிதமும் உங்களுக்கு வரவில்லை. பிறகு எப்படி அது பன்னிரண்டு மணிக்கு விலகியது என்று தெரியும்? திவசத்து வீட்டில் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்த நேரம் நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? சொல்லவேண்டாம். எனக்குத் தெரிந்தால் போதும்.

"அண்ணை" என்று கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்து ஒரு மணித்தியாலம் அழுதேன். ஓம் என்று தலையாட்டிவிடலாமா என்றும் நினைத்தேன். தலையாட்டுவது எனக்குப் புதிதில்லை, கழுத்துக்குப் பழக்கம்தான்.

ஆனால் ஏலாது அண்ணை. முதலில் போகாதே என்றீர்கள். பிறகு அவருக்காகப் போ என்றீர்கள். இப்போது சிவனுக்காகப் போனாள் என்கிறீர்கள். நான் எனக்காகப் போனேன் என்பதை மட்டும் உங்கள் யாராலும் தாங்க ஏலாமல் இருக்கிறது. அந்த மலையில் வைத்த ஒவ்வொரு காலும் என்னுடையது. அதைக் கொண்டுபோய்க் கைலாசத்தில் வைக்க விடமாட்டேன். அதோடு மாசி மாதத்தில் கைலாசத்துக்கு வழியே திறப்பதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் புதைக்கிறீர்கள், கொஞ்சம் பெரிய கோப்பையாவது எடுத்திருக்கலாம்.

16ஆம் தேதி வருவேன். நான் போன இடத்தைச் சொல்லுவேன். படமும் காட்டுவேன். வரவேண்டாம் என்றால் அதற்கு முன் எழுதுங்கள்.

மச்சாளிடம் உளுந்து வடை எனக்கும் சேர்த்துச் சுடச் சொல்லுங்கள்.

நகுலா

•

கிங்ஸ்பரி
17.03.2025

நகுலாவுக்கு,

நேற்று வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். சாப்பிடாமல் போனாய் என்று மச்சாளுக்குக் கவலை.

நீ மலைச் சப்பாத்தோடும் சிவப்புக் கோட்டோடும் வந்து நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. சுப்பிரமணியன் கும்பிட்டுக்கொண்டு, "கைலாச தரிசனம் எப்பிடி அம்மா?" என்றார். நீ ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. "ஐயா, நான் கைலாசம் போகேல்லை. சிலியிலை ஒரு எரிமலை ஏறினனான். ஒரு நேர்த்தியும் இல்லை. ஆசையாய் இருந்தது, போனனான்" என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்து சறுக்குகிற படத்தை அவர் கையிலேயே கொடுத்தாய். பொய் சொன்னது யார் என்று நீ சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வடை தாச்சிக்குப் பக்கத்தில் நின்றேன். எழுபது வயதை எட்டப் போகிற மனிதன். வெளியே சனம் ஒவ்வொருவராகப் போகும் சத்தம் கேட்டது. நீ "அண்ணை, போயிட்டு வாறன்" என்று கதவுக்கு வெளியே சொன்னதும் கேட்டது. நான் வாய் திறக்கவில்லை. சத்தியத்தால் இல்லை நகுலா, வெட்கத்தால்.

எல்லோரும் போனபிறகு மச்சாள் வந்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் என்னை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள். "அவள் எரிமலைக்குள்ளை எட்டிப் பாத்திட்டு வந்திருக்கிறாள். நீங்கள் குசினிக்குள்ளை ஒளிச்சு நிக்கிறியள். அந்தக் கம்பளி மேசு நான் அனுப்பச் சொன்னன் எண்டதும் பொய். கொம்பியூட்டரிலை அந்த மலையைக் காட்டுற கமெராவை நாள் முழுக்கப் பாத்துக்கொண்டிருந்திட்டு, பிண்டம் வைக்கக் கூப்பிட்டால் பொறு பொறு எண்டனீங்கள். உங்களுக்கு அவளிலை பாசம் இருக்கு, துணிவுதான் இல்லை" என்றாள்.

இரவு அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். இன்று காலை சுப்பிரமணியனுக்கு ரெலிபோன் எடுத்தேன். "கைலாசம் எண்டு பொய் சொன்னது நான். தங்கச்சிக்கு ஒண்டும் தெரியாது. அவள் போனது எரிமலைக்கு" என்றேன். அவர், "ஏன் மறைச்சனீங்கள்?" என்றார். பிறகு, நேற்று வராத வேறு எட்டுப் பேருக்கு என்னையே ரெலிபோன் எடுத்துச் சொல்லச் சொன்னார். எட்டுப் பேருக்கும் சொன்னேன். நாலாவது ஆளுக்குச் சொல்லும்போது, "என்ரை தங்கச்சி ஏறினது இரண்டாயிரத்து எண்ணூற்று நாப்பத்தேழு மீற்றர்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

சிலியில் நீ போட்ட கடிதம் இன்றுதான் வந்தது. இரண்டு தரம் வாசித்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு உன் ரெலிபோன் அடிக்கும். நான்தான். பிராயச்சித்தம் ஒன்றும் செய்யப் போவதில்லை. முருகன் கோபித்தால் கோபிக்கட்டும்.

அண்ணை

•

மனோர் பார்க்
19.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

சாப்பிட்டேன் என்று மச்சாளிடம் சொல்லுங்கள், மூன்று வடையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வந்தேன். உங்கள் பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள், இனித்தான் அது ஏற நிறைய இருக்கிறது.

வெள்ளி ஆறு மணிக்கு எடுப்பேன். ஆனால் ஹலோ சொல்லமாட்டேன். காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பேன். ஒரு வருடம் வாயை மூடியது நீங்கள், முதல் சொல்லும் உங்களுடையதாகத்தான் இருக்கவேண்டும். உங்களுக்குச் சொல் வர எவ்வளவு நேரம் எடுத்தாலும் நான் ரெலிபோனை வைக்கமாட்டேன்.

உங்கள்
நகுலா